சூரியன் வீட்டில் ஒரு வெள்ளிச் செடி

"சோப்பும் சொக்லேற்றும் வேண்டாம் பிள்ளை. போற நாட்டில இருந்து எனக்கொரு பூவிதை கொண்டு வா."

2024ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசியில் அக்கா இப்படிக் கேட்டார். ஹவாய்த் தீவுகளில் சமூகப் பணியாளர்களுக்கென நடைபெறவிருந்த மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்குப் புறப்படுவதற்கு எனக்கு நான்கைந்து நாட்களே இருந்தன. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில், அக்காவின் முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த முற்றத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ரின் பேணி, உடைந்த வாளி, பிளாஸ்ரிக் போத்தல் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எல்லாவற்றிலும் ஒரு கன்று நிற்கும். மீள்குடியேறி வந்து தறப்பாளின் கீழ் இருந்த காலத்தில், கிணறு இறைப்பதற்கு முன்னரே செவ்வந்தித் தடி ஊன்றியவர் அவர். அவரைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

விதை கேட்டதும் "ஓம் அக்கா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு விதையில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஹவாய், பசுபிக் சமுத்திரத்தின் நடுவே எந்தப் பெரிய நிலத்துக்கும் கிட்ட இல்லாத ஒரு தீவுக் கூட்டம். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலிருந்தே ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர் தூரம். இன்று அது அமெரிக்காவின் ஒரு மாநிலம். 1893 வரை தனி இராச்சியமாக இருந்தது. கடைசியாக ஆண்டவர் லிலியுகலானி என்ற இராணி. அவரை ஆட்சியிலிருந்து இறக்கிய பின்னர் 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஹோட்டல்களும் கடற்கரையும் படங்களில் பார்த்த மாதிரியே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

பயிற்சியின் இரண்டாவது வார இறுதியில் எங்களை மௌயி என்ற தீவுக்குக் கூட்டிச் சென்றார்கள். வாகனம் ஓட்டியவர் அந்தத் தீவின் பூர்வீகக் குடியைச் சேர்ந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அங்கும் வயதில் மூத்த பெண்களை "அன்ரி" என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். கேட்கவே சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. நானும் அன்ரி என்றே அழைத்தேன்.

அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். ஹலெயாகலா என்ற எரிமலையின் உச்சிக்குப் போய்ச் சூரிய உதயம் பார்ப்பது அங்கு வருபவர்களின் வழக்கம். ஹலெயாகலா என்றால் அவர்களுடைய மொழியில் "சூரியனின் வீடு" என்று பொருள். கடல் மட்டத்தில் புறப்படும் வாகனம் ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் ஓடி 3,055 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். நுவரெலியாக் குளிரையே தாங்காதவள் நான். இரண்டு சுவெற்றர், அதற்கு மேல் ஒரு சால்வை, அதற்கும் மேல் ஹோட்டலில் இருந்து எடுத்து வந்த போர்வை. அப்படியிருந்தும் பல் கிடுகிடுத்தது.

வழியில் அன்ரி ஒரு கதை சொன்னார். மௌயி என்ற வீரனின் பெயரையே அந்தத் தீவுக்கு வைத்திருக்கிறார்கள். அவனுடைய தாய் ஹினா, மரப்பட்டையை அடித்து அடித்துத் துணி செய்பவள். அந்தக் காலத்தில் சூரியன் வானத்தில் ஓட்டமாக ஓடி மறைந்துவிடுமாம். ஹினா விரித்த துணி காய்வதற்குள் பொழுது பட்டுவிடும். தாயின் கஷ்டத்தைப் பார்த்த மகன் இந்த மலையுச்சிக்கு ஏறி ஒளித்திருந்து, சூரியனின் கதிர்களைக் கயிற்றால் சுருக்குப் போட்டுப் பிடித்து, இனி மெதுவாகத்தான் போவேன் என்று சத்தியம் வாங்கிய பிறகே அவிழ்த்துவிட்டானாம். கார்த்திகை மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பை அடுப்புக்கு மேல் கட்டிக் காய வைத்த எவருக்கும் இந்தக் கதை விளங்கும். உலகத்தில் எத்தனையோ வீரர் கதைகள் உண்டு. உடுப்புக் காயாத கஷ்டத்துக்காகச் சூரியனோடு சண்டைக்குப் போன வீரனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

உதயம் அழகாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததில் எனக்குப் பாதிச் சூரியன்தான் தெரிந்தது. வெளிச்சம் வந்த பின்னர் பார்த்தால், எங்களுக்குக் கீழே பதினொரு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு பெரும் பள்ளம். சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறங்களில் எரிந்து ஆறிய கற்பொடி. புல்லில்லை, மரமில்லை, நிழலில்லை. 2009க்குப் பிறகு முதன்முறை முள்ளிவாய்க்கால் பக்கம் போனபோது இருந்த மண்ணை அது நினைவுபடுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சாம்பலின் நடுவில்தான் வெள்ளியால் செய்து வைத்தது போல ஒரு உருண்டை பளபளத்தது. அது ஒரு செடி.

ஆங்கிலத்தில் அதன் பெயர் சில்வர்சோட், அதாவது வெள்ளிவாள். ஹவாய் மக்கள் அஹினாஹினா என்கிறார்கள். சாம்பல் நிறம் என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொல்வது போன்ற பெயராம். கற்றாழை போல வாள் வடிவ இலைகள் நிலத்தோடு ஒட்டி, உருண்டையாக நெருக்கி நிற்கும். சில தேங்காயளவு, சில சுளகளவு. ஒவ்வொரு இலையிலும் பஞ்சு போன்ற வெள்ளி மயிர். அந்த மயிர் கடும் வெயிலைத் தெறிக்கவிடுகிறது. இலைக்குள்ளே கற்றாழைச் சோறு போன்ற ஒரு களி. மழை பெய்யும்போது தண்ணீரைப் பிடித்து அதில் சேமித்து வைத்துக்கொள்கிறது. பகலில் சுடும், இரவில் உறையும் அந்த இடத்தில் அது உயிர் வாழ்வது இந்த ஏற்பாடுகளால்தான்.

இந்தச் செடி இனம் இந்த ஒரு மலையின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பக்கத்துப் பெரிய தீவிலுள்ள மௌனாகியா என்ற மலையில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பெயர்ப்பலகையில் வாசித்தபோது நம்ப முடியவில்லை. எங்கள் செவ்வந்தி, கிணற்றடியில் முளைக்கும் கையாந்தகரை, வேலியோரத்து மூக்குத்திப்பூ எல்லாமே அதே குடும்பம்தான். இக்குடும்பத்தின் அடையாளம், ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டமாக இருப்பது. சூரியகாந்தியின் நடுத்தட்டை உற்றுப் பார்த்தால் அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பூ. ஐம்பது இலட்சம் ஆண்டுகள் அளவில், கலிபோர்னியாவில் வளரும் ஒரு சாதாரணப் பூண்டின் விதை, பெரும்பாலும் ஏதோ ஒரு பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டு, இந்தக் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதன் வழி வந்தவை இன்று முப்பது வரையான இனங்கள். சில பற்றை, சில மரம், சில கொடி. ஒன்று இந்த வெள்ளி உருண்டை.

நாங்கள் நின்ற இடத்தில் ஒன்று பூத்திருந்தது. உருண்டையின் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு தண்டு. அதில் அடி முதல் நுனி வரை நூற்றுக்கணக்கில் கருஞ்சிவப்புப் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சூரியகாந்தி போல. சில செடிகளில் அறுநூறு வரை இருக்குமாம். இந்தச் செடி இருபது வருடமும் காத்திருக்கும், ஐம்பது வருடமும் காத்திருக்கும், சில வேளை தொண்ணூறு வருடமும் காத்திருக்கும். பிறகு ஒரேயொரு முறை பூக்கும். விதையை விட்டுவிட்டு அதோடு செத்துப்போகும்.

என்னுடன் வந்த வேறு நாட்டுச் சகோதரி ஒருவர் கண் கலங்கி, "ஒரு தாயைப் போல" என்றார். எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது. பிள்ளைகளுக்காகத் தன்னை அழித்துக்கொள்பவளே தாய் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுப்படிக்கே போகாதவர்கள். செடி தன் வழியில் வாழ்ந்து பூக்கிறது. அதன் தலையில் எங்கள் தியாகக் கதைகளை ஏன் ஏற்றவேண்டும்?

அன்ரி சொன்ன இன்னொரு விடயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்தச் செடியின் பூ தன் சொந்த மகரந்தத்தால் விதை பிடிப்பது அரிது. பக்கத்தில் இன்னொரு செடி அதே பருவத்தில் பூத்திருக்க வேண்டும். அங்குள்ள சிறு காட்டுத் தேனீக்கள் அதிலிருந்து இதற்கு மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். எழுபது வருடம் காத்திருந்து பூத்தாலும், சுற்றுவட்டாரத்தில் வேறொன்றும் அந்தப் பருவத்தில் பூக்காவிட்டால், அது பெரும்பாலும் பதராகவே போய்விடும்.

இனி நான் சொல்ல வந்த விடயம்.

1873இல் இசபெல்லா பேட் என்ற ஆங்கிலப் பெண் பயணி இந்த மலைக்கு வந்தபோது ஆயிரமாயிரமாக இந்தச் செடிகளைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அதற்குப் பின் வந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அவை அழிவின் விளிம்புக்குப் போயின. 1930களில் எஞ்சியவை சில ஆயிரங்களே. ஒரு காரணம் ஆடும் மாடும். ஆட்டை 1778இல் கப்டன் குக்கும், மாட்டை 1793இல் வன்கூவரும் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அவை காடேறிப் பெருகின. கடிக்கும் மிருகமே இல்லாத தீவில் வளர்ந்த செடிக்கு முள்ளும் இல்லை, கசப்பும் இல்லை. எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறாக, ஆடும் தொடாத பார்த்தீனியம் இருக்கிறது. அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பந்தான். இந்திய இராணுவக் காலத்தில் இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் கடித்த அனுபவம் வாசகிகள் பலருக்கு இருக்கும். ஒரே குடும்பத்தில் ஒன்று ஊரை விட்டுப் போக மறுக்கிறது. மற்றது தன் ஒரேயொரு ஊரில் நிற்கப் போராடுகிறது.

மற்றக் காரணம் மனிதர். அந்தக் காலத்தில் குதிரையிலும் கால்நடையாகவும் இந்த மலைக்கு ஏறியவர்கள், தாங்கள் உச்சிக்குப் போனதற்கு அத்தாட்சியாக ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு இறங்குவார்களாம். வேறெங்கும் வளராத செடியல்லவா? அதைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்னும் சிலர் பிடுங்கிய உருண்டைகளைச் சரிவில் பந்து போல உருட்டிவிட்டு, யாருடையது தூரம் போகிறது என்று பார்த்து விளையாடினார்கள்.

எவரும் அந்தச் செடியின் மேல் கோபத்தில் அப்படிச் செய்யவில்லை. அழகாக இருக்கிறது என்றுதான் எடுத்தார்கள்.

அன்ரி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் இன்னும் கிட்டப் பார்க்கலாம் என்று பாதையோரத்துக் கல்வரிசையைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. என் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தார். இந்தச் செடியின் வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மேற்பரப்பிலுள்ள கற்பொடிக்குள் சுற்றிவரப் பரவி நிற்கும். கிட்டப் போய்ப் பார்ப்பவருடைய காலடியே அந்த வேரை நசுக்கிவிடும். செடி உடனே வாடாது. பார்த்தவர் படமும் எடுத்து, சந்தோசமாக வீட்டுக்கும் போய்விடுவார். அது பிறகு சாகும்.

அந்தக் குளிரில் நின்றுகொண்டு எனக்கு இரண்டு படங்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று 2009ஆம் ஆண்டு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். எனக்குப் பத்தொன்பது வயது. தண்ணீர்த் தாங்கியடியில் அம்மா ஒரு வாளியோடு நின்றிருந்தார். மூன்று நாட்களாக மாற்றுச் சேலை இல்லை. யாரோ பார்வையிட வந்தவர்கள் கமராவைத் தூக்கியபோது அம்மா தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். உதவி சேர்ப்பதற்காகத்தான் எடுத்திருப்பார்கள். அந்தப் படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மற்றது நான் எடுத்த படம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அதே அக்காவின் வீடு. படிவத்தில் "பயனாளியின் கதை" என்று ஒரு பகுதி இருந்தது. இரண்டு பக்கத்துக்குக் குறையக்கூடாது, படமும் வேண்டும். அவரை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை சொல்லவைத்தேன். அழுதார். எழுதினேன். போகும்போது படம் எடுத்தேன். மேலதிகாரி "நல்ல கேஸ் ஸ்ரடி" என்று பாராட்டினார். அடுத்த மாதம் வேறொரு அமைப்பிலிருந்து வந்தவர்களுக்கும் அவர் அதையே சொன்னார். அதன் பின் இன்னொன்று. பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்: "என்ர கதையைக் கொண்டு போனவை கனபேர் பிள்ளை. கொண்டு போய் என்ன செய்தனீங்கள் எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை."

"ஒருத்தரும்" என்றதில் நானும் இருந்தேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் சகோதரிகள் கோபிக்கக்கூடாது. பதிவுகள் வேண்டும், சாட்சியங்கள் வேண்டும், அவை இல்லாமல் நியாயம் கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சொல்ல வேண்டும் என்று தாங்களாகவே துணிந்து வரும் பெண்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் போய் வந்ததற்கு அத்தாட்சியாக எடுத்து வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்ரியோடு திரும்பி இறங்கும்போது அவருடைய கதையும் வந்தது, நான் கேளாமலே. 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி அந்தத் தீவின் லஹைனா என்ற பழைய நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. நூற்றிரண்டு பேர் உயிரிழந்தார்கள். அன்ரியின் சகோதரியின் வீடும் போனது. ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்காக உல்லாசப் பயணிகளின் ஹோட்டல் அறைகளிலேயே தங்கியிருந்தார்கள். "அறை நல்ல அறை, ஆனால் சமைக்க முடியாது" என்று சகோதரி அழுவாராம். எரிந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று ஊரவர்கள் வருபவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அப்படியிருந்தும் வாகனத்தை நிறுத்தி எடுத்தவர்கள் உண்டு. எங்களுடைய குழுவையும் லஹைனாவுக்குக் கூட்டிப்போவதா என்று ஏற்பாட்டாளர்கள் யோசித்தபோது, வேண்டாம், மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னவர் அன்ரிதானாம். "உங்களுக்கு விளங்கும்" என்றார் என்னைப் பார்த்து. நான் எந்த நாட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டுந்தான் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் என்னிடம் எதுவும் கேட்காத ஒரே ஆள் அவர்.

செடி தப்பிய கதையையும் சொல்ல வேண்டும். 1916இல் அந்த மலையுச்சி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பிடுங்குவது தடைசெய்யப்பட்டது. பிறகு பல வருட உழைப்பில் பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி அடைத்து, ஆடுகளை வெளியேற்றினார்கள். வேறு பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. செடியைத் தொடாமல் விட்டார்கள், தொடுபவரையும் தள்ளி நிறுத்தினார்கள். அறுபது ஆண்டுகளில் சில ஆயிரம் அறுபதாயிரத்துக்கும் மேலாகப் பெருகியது.

ஆனால் 1990களிலிருந்து மீண்டும் குறைகிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி பாதிக்கு மேல் போய்விட்டது. இம்முறை வேலி அடைக்க முடியாத ஒன்று. உலகம் சூடாவதோடு மலையுச்சிக்கு ஈரம் கொண்டுவரும் முகில்களும் காற்றும் மாறி, வறண்ட நாட்கள் கூடியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த ஆர்ஜென்ரீனா எறும்புகள், மகரந்தம் சுமக்கும் அந்தச் சிறு தேனீக்களின் கூடுகளைச் சூறையாடுகின்றன. பூங்காவில் கன்று வளர்த்து நட்டுப் பார்க்கிறார்கள்.

மௌனாகியா மலையில் நிற்கும் உடன்பிறப்பின் கதை இன்னும் கடினமானது. செம்மறிகள் தின்று தீர்த்ததில், காட்டில் ஐம்பதுக்கும் குறைவான செடிகளே மிஞ்சின. 1973இல் பூத்த இரண்டு தாய்ச் செடிகளின் விதையிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகளை வளர்த்து நட்டார்கள். நட்டவை வளர்ந்தன. ஆனால் எல்லாமே சகோதரங்கள். நெருங்கிய உறவென்றால் மகரந்தம் சேராது அல்லவா? அதனால் செங்குத்துப் பாறைகளில் எஞ்சி நின்ற காட்டுச் செடிகளிடம் ஏறிப்போய், மகரந்தத்தைக் கையால் எடுத்து வந்து, நட்ட செடிகளின் பூக்களில் தடவி, புதிய விதை எடுத்தார்கள். பறவை விட்ட இடத்தில் மனிதர் சுமக்கிறார்கள்.

இனி விதைக்கு வருகிறேன்.

இறங்கும் வழியில் கலாஹாகு என்ற இடத்தில் வாகனத்தை நிறுத்தினோம். அங்கே வேலிக்குள் பல செடிகள் நிற்கின்றன. பாதையோரம் சென்ற வருடம் பூத்துச் செத்த ஒன்று, எலும்புக்கூடு போல நரைத்து நின்றது. காற்று அடித்தபோது அதில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு விதைகள் பறந்தன. செவ்வந்தி விதை போலவே மெல்லிய, கறுத்த ஊசி. ஒன்று என் சால்வையில் வந்து குத்திக்கொண்டது.

நான் பிடுங்கவில்லை. வேலிக்குள் போகவில்லை. அதுவாகவே வந்தது. சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. சட்டப்படி குற்றம் என்பது தெரியும். ஆனால் அந்த நேரம் சட்டம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பதினைந்து வருடமாகக் கேட்டது ஒன்றும் கிடைக்காத ஒரு மனுசி என்னிடம் கேட்ட ஒரேயொரு பொருள் என் தோளில் இருந்தது. இரண்டு நிமிடமாவது அப்படியே நின்றிருப்பேன்.

அன்ரி பார்த்துக்கொண்டுதான் நின்றார். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. வாகனத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். நான் விதையை நூலிலிருந்து மெல்ல எடுத்து, வேலிக்கு அந்தப்பக்கம் ஊதிவிட்டேன். "யாருக்கு?" என்று கேட்டார். "ஒரு அக்காவுக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார். பூத்த செடியை நான் படமும் எடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. குளிரில் கைத்தொலைபேசியின் பற்றரி அதற்கு முன்னரே செத்துவிட்டது.

ஊர் திரும்பி முதல் வாரத்திலேயே அக்காவிடம் போனேன். வேலை விடயமாக அல்ல. கோப்பு, படிவம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறேன் என்பதை முதலே சொல்லிவிட்டுத்தான் குந்தினேன். பிறகு மலை, சாம்பல், வெள்ளி உருண்டை, சால்வையில் குத்திய விதை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். சூரியனுக்குச் சுருக்குப் போட்ட இடத்தில் மட்டும் சிரித்தார்.

"நல்லது, விட்டிட்டு வந்தாய். இங்க கொண்டு வந்தாலும் எங்கட வெயிலுக்குச் செத்திருக்கும்" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியப் பூத்தால் விதை இல்லையோ?" என்று கேட்டார்.

"குறைவு அக்கா. பெரும்பாலும் பதர்தான்."

"பூக்க எத்தனை வருசம் எண்டனி?"

"இருபது, ஐம்பது. சிலது தொண்ணூறு."

"அப்ப அதுகும் இருந்து பாக்குது" என்றார். சுளகைத் தட்டிவிட்டு எழுந்துபோய், செவ்வந்தித் தடிகள் இரண்டை முறித்து, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி என் கையில் தந்தார். "இது களவில்லை. கொண்டு போய் கொம்மாவிட்டக் குடு. ஊண்டினவுடன தண்ணி கனக்க விட வேண்டாமெண்டு சொல்லு."

நான் சைக்கிளைத் திருப்பியபோது பின்னால் கூப்பிட்டார்.

"பிள்ளை, படலையைச் சாத்திப்போட்டுப் போ. பக்கத்து வீட்டு ஆடு வருது."